ஓட்டமாவடி மையவாடியும் ஜெனீவா வாக்கும்

ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையால் இன்னொரு நாட்டில் மனித உரிமை வருமா என்று யாராவது கேட்டால், ஐ.நா. மனித உரிமைப் பேரவை இருக்கிற ஜெனீவாவை நான் காட்டமாட்டேன். மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் இருக்கிற கொவிட் மையவாடியை, அந்த அடக்கஸ்தலத்தைத்தான் காட்டுவேன்.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2020 ஏப்ரலில், இலங்கையில் கொவிட்டால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. நம்மட அரசு மட்டும், ஜனாஸாவை, அதாவது இறந்த முஸ்லிமின் உடலைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுப்போகும் என்று ஒற்றைக்காலில் நின்றது. மக்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். வழக்குப் போட்டார்கள், டிசம்பரில் உயர் நீதிமன்றம் காரணம்கூடச் சொல்லாமல் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. பிறந்து இருபது நாளான பச்சைக் குழந்தையின் உடலையும் அதே மாதம் எரித்தார்கள்.

பிறகு 2021 பெப்ரவரி வந்தது. யுத்தகாலக் குற்றங்களுக்குப் பொறுப்புக் கேட்டு ஜெனீவாவில் இலங்கை மீது புதிய தீர்மானம் வரப்போகிறது. பேரவையில் இருக்கிற முஸ்லிம் நாடுகளின் வாக்கு அரசுக்குத் தேவை. 23ஆம் திகதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்தார், 24ஆம் திகதி போனார். அடுத்த நாள் திகதியிட்ட வர்த்தமானியில், அடக்கம் செய்யலாம் என்று வந்துவிட்டது. பத்து மாதம் ஊறிக்கொண்டிருந்த நிலத்தடி நீர் விஞ்ஞானம் ஒரே நாளில் வற்றிப்போனது!

அடக்கம் செய்யும் இடம் முதலில் வடக்கிலுள்ள இரணைதீவு என்றார்கள். அங்குள்ள மீனவ மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா இறங்கியது. நாட்டின் மூலை முடுக்கெல்லாம் இருந்து கொண்டுவந்து, இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மண்ணில் இருக்கிறார்கள். எரித்ததற்கு அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில்.

சரி, இதில் பாகிஸ்தானுக்கு மனித உரிமைமீது என்ன பெரிய பிரியம்? ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டு நிலவரம் ஊரறிந்தது. ஆனாலும் வேலை நடந்தது. அரசுக்கு ஒரு தேவை இருந்தது. அந்தத் தேவைக்கு ஒரு திகதி இருந்தது. கேட்ட விஷயமும் ஒன்றே ஒன்று: அடக்கம் செய்ய விடு. செய்தார்களா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆராய்கிறோம், குழு அமைத்திருக்கிறோம் என்று இழுத்தடிக்க இடமில்லை.

மறு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மார்ச் 23ஆம் திகதி வாக்கெடுப்பு. ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. பாகிஸ்தானும் பங்களாதேஷும் எதிர்த்து வாக்களித்தன, இந்தியா நடுநிலை. தீர்மானம் எப்படியோ நிறைவேறியது. ஆனால் அது தோற்றிருந்தால், காணாமற்போன பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு மட்டக்களப்புத் தெருவில் நிற்கிற தாய்மாருக்கு இருந்த ஒரே வெளிக்கதவும் மூடியிருக்கும். ஒரு சமூகத்தின் உரிமையை இன்னொரு சமூகத்தின் உரிமையால் விலை பேசினார்கள். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்துக் கிடக்கிற நம்மட மாவட்டத்தில் இதைப் பற்றி ஒருவரும் வாய்திறக்காதது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அதே தீர்மானத்தில் ஜனாஸா எரிப்பு பற்றிய கவலையும் எழுதியிருந்தது என்பது தனிக் கூத்து.

இதற்கு நேர்மாறானது ஜெனீவாப் பேரவையின் 2015ஆம் ஆண்டு 30/1 தீர்மானம். இலங்கையே இணை அனுசரணை கொடுத்தது. வெளிநாட்டு நீதிபதிகள் பங்கேற்கும் விசேட நீதிமன்றம், உண்மை ஆணைக்குழு, இழப்பீடு, காணாமற்போனோர் அலுவலகம் என்று எல்லாம் அதில் இருந்தது. இவ்வளவையும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் இல்லை. அலுவலகம் ஒன்று திறந்தார்கள், நீதிமன்றம் வரவே இல்லை. 2020 பெப்ரவரியில் புதிய அரசு, நாங்கள் விலகுகிறோம் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டது.

நல்லெண்ணத்தோடு செய்கிற வெளியுறவுக் கொள்கையும் நம்மைக் கவிழ்க்கும். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் போட்டது. அதற்குக் காரணங்கள் இருந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் போர் நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆட்களும் இருக்கிறார்களே, அவர்கள் கதி என்ன என்று யோசித்ததாகத் தெரியவில்லை. ஒன்றிய நாட்டுக்காரர் வெளியேற வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள், செப்டம்பருக்குள் போய்விட்டார்கள். நோர்வே, ஐஸ்லாந்து ஆட்கள் கொஞ்சப்பேர் மிஞ்சினார்கள். நவம்பரில், நம்மட மாவட்டத்துக் கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் இராணுவத்தின் ஷெல் விழுந்தது. முழுக் குழுவும் இருந்திருந்தால் அது விழுந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் குறைந்தால் இரண்டு பக்கத்துக்கும் துணிச்சல் கூடும் என்பது மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழ்ந்த யாருக்கும் தெரியும்.

காஸாவில் வாயை மூடிக்கொண்டிருக்கிற நாடுகள் நமக்கு உரிமை பற்றிப் பாடம் எடுப்பதா என்று காத்தான்குடி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் அவர்களின் மனச்சாட்சியை நம்பச் சொல்லாமல், இலங்கை அரசின் தேவையைப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது அந்தத் தேவை ஜீ.எஸ்.பி. பிளஸ்: மனித உரிமை நிபந்தனையோடு ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கிற இறக்குமதி வரிச்சலுகை. 2010இல் ஐரோப்பா அதைப் பறித்தபோது அடி விழுந்தது கார்மென்ட்ஸ் பிள்ளைகளுக்கு. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. 2017இல் சலுகை திரும்பி வந்தது, சட்டம் அப்படியே நின்றது. 2022இல் ஒரு திருத்தம் செய்தார்கள்: அமைச்சரின் கட்டளையில் அடைத்து வைக்கிற காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. பெரிய மனசு! ஐரோப்பா இந்த வரிச்சலுகை விதிகளை 2023இல் நீட்டியது 2027 முடிவுவரைதான். அதற்குப் பிறகும் இலங்கைக்குச் சலுகை வேண்டும். அதாவது தேவையும் இருக்கிறது, திகதியும் இருக்கிறது. பறிப்பதைவிட, பறிப்பதற்கு முன்னால் பேசுவதில்தான் பலம். அந்தப் பிள்ளைகளின் சம்பளத்திலும் கை வைக்கத் தேவையில்லை.

கேட்கிற விஷயம் ஒன்றாக இருந்தால் போதும். தடுப்புக் கட்டளை போடுகிற ஒன்பதாம் பிரிவு போகவேண்டும், எந்தப் புதுப் பெயரிலும் திரும்பி வரக்கூடாது. யுத்த காலத்தில் தமிழ்ப் பிள்ளைகளைப் பிடித்ததும் 2019 ஏப்ரல் குண்டுகளுக்குப் பிறகு முஸ்லிம் பிள்ளைகளைப் பிடித்ததும் இதே சட்டத்தில்தான். தூதரகக்காரர் மட்டக்களப்புக்கு வந்தால் நாம் தனித்தனியாகப் போய், தனித்தனி முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறோம். அடுத்த தடவை ஒரே மேசையில் இருந்து இந்த ஒன்றை மட்டும் கேட்டுப் பார்ப்போமா? மகஜர் எழுதுகிற வேலையை நான் எடுக்கிறேன். கையெழுத்து வைக்க இரண்டு பக்கத்திலும் யார் யார் வருவீர்கள் என்று சொல்லுங்கள்.