பதக்கத்துக்கு முந்தைய சம்பளம்

பாரிஸ் பாராலிம்பிக்கில் 2024-இல் பதக்கம் வென்ற நால்வருக்குத் தமிழ்நாடு அரசு 5 கோடி ரூபாய் கொடுத்தது. துளசிமதிக்கு 2 கோடி; மாரியப்பன், மனிஷா, நித்யஸ்ரீ மூவருக்கும் தலா ஒரு கோடி. கொடுக்கட்டும், இன்னும்கூடக் கொடுக்கலாம். அந்த மேடைக்கு வந்து சேரும்வரை அவர்களுக்கு யார் சோறு போடுவது என்பதுதான் என் கேள்வி.

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே செயலில்லை. உட்கார்ந்தபடி குண்டு எறிபவர். மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர். எறிவதற்கான இருக்கை, மெத்தையோடு சேர்த்து 75 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. படகுப் பட்டறையில் சொல்லிப் பற்றவைத்து வாங்கியிருக்கிறார். எங்கள் உப்புக் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? பற்றவைத்த இடமெல்லாம் துரு. இருக்கையைத் தரையோடு பட்டை போட்டு இறுக்க வேண்டும். கடற்கரை மணலில் முளை நிற்காது. ஆகவே 40 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டு அரங்குக்குப் போக வேண்டும். பஸ்ஸில் அந்த இருக்கைக்குச் சுமைக் கட்டணம் கேட்ட நடத்துநரும் உண்டு.

பிழைப்பு, கிழிந்த வலையைச் சரிசெய்வது. மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்தான் அவருக்கு அறுவடை. விடிந்ததிலிருந்து கையில் வலை ஊசி. எந்தத் தோளால் குண்டை எறிய வேண்டுமோ, அதே தோள் கண்ணி கண்ணியாகத் தேய்கிறது. பயிற்சிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. கூலிக்குப் போனால் தோள் போச்சு.

அரசு வேலைக்குப் போகலாமே என்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அவர்களுக்கு 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, உண்மைதான். தேர்வுக்குப் படிப்பது எப்போது, எறிவது எப்போது? 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய மாரியப்பனுக்கே, தமிழ்நாடு காகித நிறுவனத்தின் வேலை ஆணை ஐந்து ஆண்டு கழித்து, டோக்கியோ வெள்ளிக்குப் பிறகுதான் கிடைத்தது. அவருடைய அம்மாவின் காய்கறிக் கூடையைப் பற்றி நாம் எத்தனை தடவை உருகி உருகி எழுதினோம்! வறுமை நமக்கு நல்ல கதை. அதில் கிடப்பவருக்கு அது அன்றாட வாழ்க்கை.

எங்கள் கடற்கரைக்கு ஒரு ஏற்பாடு பழக்கமானது. கடலுக்குப் போகக் கூடாத நாட்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. அதை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-இல் எங்கள் பக்கத்து ஊரான மண்டபத்தில்தான் அப்போதைய முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அதை யாரும் பிச்சை என்பதில்லை. தொழில் நின்றால் ஈடு, அவ்வளவுதான். பயிற்சிக்காகக் கூலியை விடுபவருக்கும் அதே நியாயம் பொருந்தாதா? மாநிலப் பதக்கம் வாங்கிய மாற்றுத்திறனாளிகளுக்குப் போட்டிக்கு முந்தைய மாதங்களில் கூலி ஈடு கொடுங்கள். வேலையில் இருப்பவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள்.

யார் தகுதியானவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்காதீர்கள். மீனவர் குடும்பங்களை ஊர் ஊராகக் கணக்கெடுத்து வங்கியில் பணம் போடத் தெரிந்த அரசுக்கு, போட்டி முடிவுப் பட்டியலைப் பார்த்துப் போடத் தெரியாதா?