ஆச்சியின் எவர்சில்வர் டப்பா
செவிலியர் தினத்துக்கு வந்த கட்டுரை ஒன்றைப் படித்தேன். ஊசியைக் கொதிக்க வைத்துப் போட்ட காலத்துக்கு அதில் ஒரே ஒரு வரிதானா? எங்கள் ஆச்சி இருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள்.

திருநெல்வேலிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கண்ணாடி சிரிஞ்சைக் கழற்றி, துணியில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஏற்றுவாள். மழுங்கின ஊசியைச் சின்னக் கல்லில் தீட்டி, பஞ்சில் இழுத்துப் பார்ப்பாள். நார் மாட்டினால் மறுபடியும் தீட்டல்தான்.

அம்மை குத்தப் போனால், "மாரியாத்தா கோவிப்பா" என்று கதவைச் சாத்துவார்களாம். இவள் திண்ணையில் சாவகாசமாக உட்கார்ந்து, "ஆத்தாதான் என்னைய அனுப்பிச்சா, கையை நீட்டு தாயி" என்பாளாம். நுனி இரண்டாகப் பிரிந்த கவட்டை ஊசியால் 15 குத்து, முடிந்தது. 1977-ல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்த செய்தி கேட்டு வீட்டில் பாயசம் வைத்ததாக அம்மா சொல்வாள்.

ஊருக்கெல்லாம் ஊசி போட்ட கை, பேரப்பிள்ளைகள் என்றால் மட்டும் நடுங்கும். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கம்பவுண்டரைக் கூப்பிட்டுவிட்டு, அடுப்படியில் போய் நின்றுகொள்வாள். நாங்கள் அழுது ஓய்ந்த பிறகு கருப்பட்டித் துண்டோடு வருவாள்.

அந்த டப்பாவில் இப்போது அம்மா மஞ்சள்பொடி போட்டு வைத்திருக்கிறாள்.