ஓத மின்சாரம் ஒரே சீராக வருமா?

முக்கியமாக நிலாவின் ஈர்ப்பால் கடல்மட்டம் ஏறுவதும் (ஏற்றம்) இறங்குவதும் (வற்றம்) தான் ஓதம். “ஓதத்துக்கு ஓய்வே இல்லை, அதனால் ஓத மின்நிலையம் 24 மணி நேரமும் ஒரே சீராக கரன்ட் தரும், சேமிப்பே வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

பிரான்சின் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் அணை கட்டி 1966 முதல் இயங்கும் நிலையத்தையே பாருங்கள். 24 டர்பைன்கள், திறன் 240 மெகாவாட். ஆண்டுச் சராசரியோ 60 மெகாவாட்டுக்குள்தான். அணைக்கு உள்ளும் வெளியும் நீர்மட்டம் சமமானால் டர்பைனுக்கு வேலையில்லை. அப்புறம், ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று மாலை 6 மணிக்கு ஏற்றம் என்றால், அடுத்த வாரம் அதே நேரத்தில் வற்றம். நாம் விளக்கு போடும் நேரம் நிலாவுக்குத் தெரியாதே!

காற்றைப் போலன்றி, இதைப் பல ஆண்டுகள் முன்பே கணித்துவிடலாம், அது உண்மை. ஆனால் ரான்ஸிலேயே உற்பத்தியைத் தேவையோடு ஓரளவு பொருத்த, டர்பைன்களைப் பம்பாக ஓட்டி உள்ளே நீரேற்றுகிறார்கள்.