நான் ஒரு வில்லங்கமாகக்கூட இல்லை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளிக்கும் சந்தூருக்கும் இடையே, சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒன்பது ஏக்கர் மாந்தோப்பை ஏழு ஆண்டுகளாக உழுது, மருந்து அடித்து, வரப்பு கட்டிப் பார்த்து வந்தவன் நான். சென்ற ஐப்பசியில் அந்தத் தோப்பு கை மாறியது. இதை விற்றவரும் என்னிடம் சொல்லவில்லை, வாங்கியவரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆட்டுக்குட்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்த ஒருவர், "உங்க தோப்பை பெங்களூர்க்காரர் வாங்கிட்டாராமே" என்று போகிற போக்கில் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. எங்கள் பக்கம் தோத்தாபுரி மாங்காய்க்கு பெங்களூரா என்று பெயர். இப்போது மரத்தோடு மண்ணும் பெங்களூராகிவிட்டது.

நிலத்துக்காரப் பெரியவருக்கும் எனக்கும் இருந்தது வாய்ப்பேச்சுதான். ஆண்டுக்கு இரண்டு உழவு, வரப்புச் சீர், துளிருக்கு ஒன்றும் பூவுக்கும் பிஞ்சுக்கும் மூன்றுமாக நான்கு மருந்து. பணத்தில் பாதி கார்த்திகையில், மீதி மாங்கூழ் ஆலைக்காரர்களிடமிருந்து காய்ப் பணம் வந்த பிறகு. ஏழு ஆண்டுகளில் அவர் ஒரு முறைகூட என்னைக் கேட்க வைத்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் கடன் வாங்கி ஒரு மினி டிராக்டர் எடுத்தேன். அந்தத் தோப்பு மரங்களின் கிளைகள் இடுப்பளவுக்குத் தாழ்ந்தவை. பெரிய வண்டியை உள்ளே விட்டால் காய்க்கும் கிளைகளை முறித்துக்கொண்டுதான் வெளியே வரும். வேறு எந்த நிலத்துக்கும் எனக்கு அந்தக் குட்டி வண்டி தேவைப்படவில்லை. அதன் அரையாண்டுத் தவணை மட்டும் தோப்பு யாருடையது என்று பார்க்காமல் தேதி தவறாமல் வந்து நிற்கிறது.

உழுவது என்றால் வண்டியை ஓட்டிவிட்டு வருவது என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். பூ எடுக்கும் தை மாதத்தில் தத்துப்பூச்சி இறங்கினால், இலையின் மேல் தேன் போல ஒரு பிசுபிசுப்பு படியும். மரத்தடியில் நின்றால் தூறல் விழுவது போலச் சத்தம் கேட்கும், சட்டைக் கை முழுவதும் ஒட்டும். இரண்டு நாள் தாமதித்தால் பூங்கொத்து கருத்து உதிர்ந்துவிடும். அதற்காக இருட்டு விலகுவதற்கு முன்பே 360 மரங்களின் நடுவே விசைத் தெளிப்பானோடு நின்றிருக்கிறேன். எந்த மரம் ஓராண்டு விட்டுக் காய்க்கும், எந்த மூலையில் பாறை கலப்பையின் கொழுவைப் பிடிக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

சென்ற ஆண்டு பெரியவர் காலமானார். "அப்பா காலத்துல எப்படியோ அப்படியே நடக்கட்டும் அண்ணா" என்று மகன் சொன்னதை நம்பி, ஆடி உழவையும் புரட்டாசி உழவையும் முடித்து, துளிருக்கு மருந்தும் அடித்துவிட்டுக் கார்த்திகைக்காகக் காத்திருந்தேன். கூலியும் மருந்துச் செலவும் சேர்த்து 41,000 ரூபாய். ஐப்பசியில் விற்றுவிட்டார். மகனைக் கேட்டால், "தோப்பே இப்போ அவங்களோடது, அவங்ககிட்ட கேளுங்க" என்கிறார். புதியவரின் மேலாளரைக் கேட்டால், "நாங்க வாங்குறதுக்கு முன்னாடி நடந்த வேலைக்கு நாங்க ஏன் கொடுக்கணும்" என்கிறார். அதே மூச்சில், இனிமேல் உழவுக்கு அவர்களிடமே ஆள் இருப்பதாகவும் சொல்லிவிட்டார். என்னைத் தூக்கி இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போட்டுப் பிடிக்க நான் என்ன தட்டாங்கல்லா?

தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவரிடம் கிரயப் பத்திரத்தின் நகலை வாசிக்கக் கேட்டேன். விற்கும் சொத்தின் விவரத்தைப் பட்டியலிடும் தபசிலில் என்னென்ன இருந்தன தெரியுமா? மாமரங்கள் எண்ணிக்கையோடு இருந்தன. கிணறு இருந்தது, மோட்டார் இருந்தது, அதன் மின் இணைப்பு எண் இருந்தது, மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் இருந்தது. நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று மண்ணுக்குள் கிடக்கிறதோ இல்லையோ என்று யாருக்கும் தெரியாத புதையலைக்கூட மறக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில், இந்தச் சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, அதாவது இதன் மேல் வேறு யாருக்கும் உரிமையோ பாக்கியோ இல்லை என்று ஒரு வரி. அவர் அதை வாசித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

சட்டத்தையும் அவரே சொன்னார். நான் குத்தகைதாரனாக இருந்திருந்தால், வாங்கியவர் விற்றவரின் இடத்தில் நின்று குத்தகையை மதித்தாக வேண்டுமாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை எழுதிப் பதிவு செய்திருந்தால் வில்லங்கச் சான்றிலும் அது வந்து நிற்குமாம். நானோ வேலை செய்து கூலி வாங்குகிறவன். என் ஒப்பந்தம் நிலத்தோடு ஒட்டாது, பேசிய ஆளோடு நின்றுவிடும். மகன் மேல் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம் என்றார். 41,000 ரூபாய்க்காகக் கிருஷ்ணகிரி நீதிமன்றத்துக்கு எத்தனை முறை பேருந்து ஏறுவது என்பதை அவர் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வேலை போனதில்கூட இல்லை. வாங்க வந்தவரைத் தோப்புக்குள் அழைத்துப்போய், களை இல்லாத மண்ணையும் கரும்பச்சை இலையையும் காட்டித்தான் விலை பேசினார்கள் என்று தரகரே சொன்னார். பக்கத்தில் பார்த்தீனியம் மண்டிய தோப்பைவிட ஏக்கருக்குக் கூடுதலாகவே போயிருக்கிறது. அந்தக் கூடுதல் யாருடைய கொழு கிழித்த விலை? கிரயத் தொகையில் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணத்தையும் கட்டினால்தான் பத்திரமே பதிவாகும். தரகருக்கும் இரு பக்கக் கமிஷன் போயிருக்கிறது. அத்தனை பேருக்கும் எண்ணிக் கொடுத்த கைகளுக்கு என் பாக்கி மட்டும் கண்ணில் படவில்லை.

சென்ற வாரம் அவர்களுடைய ஆள் ஒன்பது கலப்பை பூட்டிய பெரிய டிராக்டரோடு உள்ளே போனார். கிழக்கு வரிசையில் முறிந்து தொங்கிய கிளைகள் ரோட்டிலிருந்தே தெரிந்தன. மறுநாள் மேலாளரிடமிருந்து அழைப்பு. மேற்குப் பகுதிக்குத் தண்ணீர் போகவில்லையாம்; மண்ணுக்குள் புதைந்திருக்கும் கேட்வால்வு எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும் என்று மகன் சொன்னாராம். தபசிலில் பார்க்கச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன்.