ஜாமீன் கிடைப்பது விடுதலை ஆகாது
ஜாமீன் கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்தது, இனி கடலூர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை என்று ஒரு நண்பர் எழுதியதைப் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். ஜாமீன், அதாவது பிணை, குற்றம் சாட்டப்பட்டவரை நிபந்தனைகளுடன் காவலிலிருந்து வெளியே விடுவது மட்டுமே. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அப்படித்தான் வரையறுக்கிறது. வழக்கு முடிந்தது என்று நம்பி ஒருவர் வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் பிடியாணை வரலாம், பிணைக் கையெழுத்திட்ட உறவினரும் பதில் சொல்ல நேரும் என்பதே என் கவலை. ஐயம் உள்ளவர்கள் வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை, அதாவது அந்த வழக்குக்குரிய தனி அடையாள எண்ணை, இட்டுப் பார்க்கலாம். ஜாமீன் மனு முடிந்ததாகக் காட்டினாலும், மூல வழக்கின் பக்கத்தில் அடுத்த வாய்தா தேதி இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.