ஒரு கோடுதானுங்க!

திருப்பூரில் எந்த எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேண்டுமானாலும், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்குப் போகிற இங்கிலீஷ் மெயிலைத் திறந்து பாருங்கள். ஒட்டுவதற்கும் ஹைஃபன், வெட்டுவதற்கும் ஹைஃபன். கேட்டால், "ஒரு கோடுதானுங்க, இதுக்கு எதுக்கு இத்தனை அக்கப்போரு?" என்கிறார்கள்.

ஒரு கோடா? மூணு கோடு ஐயா! குட்டையாக இருப்பது ஹைஃபன், சொல்லோடு சொல்லை ஒட்ட. அதைவிட நீளம் 'என் டேஷ்', இதிலிருந்து இதுவரை என்று காட்ட. எல்லாவற்றிலும் நீளம் 'எம் டேஷ்', வாக்கியத்தை நடுவில் வெட்டி இன்னொன்றைச் சொருக.

பேக்கிங் குறிப்பில் '10 பீஸ் பேக்ஸ்' என்று கோடே இல்லாமல் அடித்து அனுப்புகிறார்கள். பத்துப் பனியன் போட்ட பேக்கா, ஒத்தைப் பனியன் போட்ட பத்து பேக்கா? பத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹைஃபன் இருந்திருந்தால் வேலை முடிந்தது. இல்லாததால் பேக்கிங் செக்‌ஷனில் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் சும்மா நிற்கிறார்கள்.

குழந்தைகள் சைஸ் வந்தால் இன்னும் ரோதனை. எக்செல்லில் 2-3 என்று ஹைஃபன் போட்டு அடித்தால், அது வயசு என்று அதற்குத் தெரியுமா? மார்ச் 2 ஆக்கிவிடும். 12-18 மாசம் என்றால் 2018 டிசம்பர்! ஆல்ட்டை அழுத்திக்கொண்டு 0150 தட்டி முறையான என் டேஷ் போட்டால், தேதியாக மாற்றாமல் அப்படியே விட்டுவிடும். எத்தனை தடவை சொன்னாலும் ஒருத்தரும் கேட்பதில்லை. வேர்டு வேறு தன் பங்குக்கு, பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பரில் இடம் விட்டுப் போட்ட ஹைஃபனை என் டேஷாக மாற்றி வைக்கும். அப்புறம் ஹைஃபன் போட்டுத் தேடினால் அந்த நம்பர் எங்கே அகப்படும்?

ஊருக்கு ஊர் வழக்கம் மாறும், அது சரி. அமெரிக்கப் புத்தகங்களில் எம் டேஷை இடம் விடாமல் போடுவார்கள். பிரிட்டனில் பலர் இரண்டு பக்கமும் இடம் விட்டு என் டேஷ் போடுவார்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதன்படி எழுதுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

இப்போது புதுசாக ஒன்று கிளம்பியிருக்கிறது. போன வாரம் மெயிலில் எம் டேஷ் போட்டதைப் பார்த்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்கிறான்: "ஏனுங்ண்ணா, இந்த நீளக் கோட்டை ஏஐதானே நிறையப் போடும்கறாங்க, இது ஏஐ எழுதினதுங்களா?" டைப்ரைட்டரில் அந்தக் கோட்டுக்குத் தனிக் கட்டையே இல்லாமல், இரண்டு ஹைஃபனைச் சேர்த்துத் தட்டிப் பழகின ஆளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?