முக்காலி இருந்தால் மட்டும் போதாது
பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒரே அகலமான படமாக இணைப்பதுதான் பனோரமா. கேமரா முக்காலி இல்லாமல் அதை எடுக்க முயலவே வேண்டாம் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதற்குக் கை நடுக்கத்தைவிடப் பெரிய காரணம், கேமரா எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சுழல்கிறது என்பதுதான். முகத்துக்கு முன்னால் ஒரு விரலை நிறுத்தி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். பின்னணியை விட்டு விரல் இடம் மாறித் தாவும். லென்ஸ் நகரும்போது அருகிலுள்ள பொருள்களுக்கும் இதே கதிதான். தூண்கள் வரிசையாக நின்ற ஒரு நடைக்கூடத்தை முக்காலியில் வைத்தே எடுத்தேன். இணைத்துப் பார்த்தால் முன்வரிசைத் தூண்கள் எல்லாம் உடைந்து நின்றன. முக்காலியின் திருகு கேமராவின் அடியில் இருக்கிறது, கேமரா அதைச் சுற்றித்தான் திரும்புகிறது. சுழல வேண்டிய புள்ளியோ லென்ஸுக்குள், ஒளி நுழையும் துளை தென்படும் இடத்தில் இருக்கிறது. கேமராவைச் சில சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளிப் பொருத்திய பிறகே தூண்கள் நேராயின. தொலைவில் மலைத்தொடர் மட்டும் என்றால் கையில் பிடித்தே தாராளமாக எடுக்கலாம்: கேமராவை நெட்டாகப் பிடித்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டி, ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கையாவது மூடும்படி திரும்பினால் போதும். எல்லா அமைப்புகளையும் கேமரா தானாகவே முடிவு செய்யும் ஆட்டோ முறையிலேயே விட்டுவிடலாம் என்று அந்தக் கட்டுரையின் கீழ் ஒரு நண்பர் கருத்து எழுதியிருக்கிறார், தயவுசெய்து வேண்டாம். சூரியன் இருக்கும் பக்கம் திரும்பியதும் கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும். இணைத்த வானம் பட்டை பட்டையாகத் தெரியும். எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு), ஃபோகஸ் (எந்தத் தூரம் தெளிவாக விழுகிறது என்பது), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்) மூன்றையும் முதல் படத்துக்கு முன்பே பூட்டிவிடுங்கள்.